டீலக்ஸ் ரிவெர்புக்குப் புது ட்யூப்: எதில் காசு போடலாம், எதைத் தொடாமல் விடலாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது ஆம்பின், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியின், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது, ஹம் என்கிற உறுமல் கூடியது, என்னவென்று பின்பக்கம் குனிந்து பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டுகிற இரண்டு பவர் ட்யூபில் (ட்யூப் என்றால் பழைய ரேடியோவில் இருந்த வால்வுதான்) ஒன்றின் உள்ளே இருக்கிற கறுப்புத் தகடு அடுப்புக் கரி மாதிரி சிவந்து கிடந்தது. ட்யூபைச் சூடாக்கும் ஹீட்டர் இழையின் மஞ்சள் வெளிச்சம் எப்போதும் இருப்பதுதான், அது பயப்பட வேண்டியதல்ல. தகடே சிவந்தால் அந்த ட்யூப் தன் சக்திக்கு மீறிக் கொதிக்கிறது என்று அர்த்தம். உடனே ஆம்பை அணைத்தேன். அப்போது ஆரம்பித்த தேடல் இரண்டு மாதம் ஓடியது. அதில் தெரிந்துகொண்டதையும், எந்த ட்யூபை எதற்காக வாங்கினேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், இதே ஆம்ப் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

ஆம்ப் ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப், அதாவது 1960களின் ஆம்பைப் பார்த்து 1993 முதல் திரும்பவும் செய்து வரும் மாடல். 22 வாட், ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். உள்ளே மொத்தம் ஒன்பது ட்யூப்: பவருக்கு இரண்டு 6வி6, மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயராக ஒரு ஜிஸெட்34, கிட்டாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்பில் நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7. ஒன்பதையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லி 'முழு செட்' என்று விற்பார்கள். அதை வாங்காதீர்கள். ஒன்பதும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. அடிக்கடி மேடையில் வாசிக்கிறவருக்குப் பவர் ட்யூப் ஒன்றிரண்டு வருடத்தில் களைத்துப்போகலாம், பிரீஆம்ப் ட்யூப் பல வருடம் அப்படியே ஓடும், அதுவும் எதிரொலி தரும் ரிவெர்பிலும் சத்தத்தை அலை மாதிரி ஏற்றி இறக்கும் டிரெமோலோவிலும் உட்கார்ந்திருக்கும் ட்யூபை நான் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை.

காசை எடுப்பதற்கு முன்னால் பழுது எங்கே என்று பார்த்துவிட வேண்டும். ஆம்பை ஆன் செய்து, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி, ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு பிரீஆம்ப் ட்யூபையும் மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டப்' என்று கேட்டால் பரவாயில்லை. மணி அடித்த மாதிரி ரீங்காரம் நீண்டால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக், அதை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் ட்யூபின் உச்சியிலோ பக்கத்திலோ கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று இருக்கும் பாருங்கள், அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, கதை முடிந்தது. கண்ணாடிச் சுவரில் ஒட்டினாற்போல நீலம் தெரிவது கெடுதல் இல்லை, நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு நல்ல ட்யூபைத் தூக்கி எறிகிறார்கள்.

என் ஆம்பில் பழுது 6வி6இல். அங்கேதான் தேர்வும் கடினம். ஏனென்றால் இந்த ஆம்ப் 6வி6க்கு அது கேட்காத அளவு வோல்டேஜ் கொடுக்கிறது. பழைய அமெரிக்க டேட்டா ஷீட்டைப் பார்த்தால் 6வி6ஜிடியின் பிளேட், அதாவது நான் சிவந்து பார்த்த அந்தத் தகடு, தாங்கும் வோல்டேஜ் உச்சம் 350 வோல்ட்டுதான். ஃபெண்டரின் வரைபடமோ பிளேட்டில் 415 வோல்ட் என்கிறது. ட்யூபின் உள்ளே இருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்கிற கம்பிச் சுருளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு போகிறது. அந்தக் காலத்து ஆர்சிஏ, சில்வேனியா ட்யூப்கள் இதைத் தாங்கின, அதனால் லியோ ஃபெண்டர் துணிந்து அப்படி வடிவமைத்தார். இன்று செய்கிற எல்லா 6வி6உம் தாங்கும் என்று நம்பி வாங்க முடியாது.

இதில் நம் ஊர் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. என்னுடையது 230 வோல்ட் மாடல். சென்னையில் எங்கள் தெருவில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மாலையில் 225, ராத்திரி பதினோரு மணிக்கு மேல், எல்லா வீட்டிலும் லைட் அணைந்த பிறகு, 245. கணக்குப் போடுங்கள்: 230க்கு 415 என்றால் 245க்கு ஏறக்குறைய 442 வோல்ட். ஹீட்டருக்கு 6.3 போக வேண்டிய இடத்தில் 6.7. ராத்திரியில் வாசிக்கிறவன் நான், ஆக என் ட்யூபுக்கு தினமும் கிடைப்பது அந்த 442தான். அமெரிக்காவில் உட்கார்ந்து ஒருவர் 'இந்த 6வி6 அற்புதமாக ஓடுகிறது' என்று சொன்னால் அவருடைய சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் என் முடிவை மாற்றியது, தொனியைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

சரி, என்னென்ன கிடைக்கிறது?

ட்யூபின் மேல் எழுதியிருக்கிற பெயரையும் அது செய்யப்பட்ட இடத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிட்டார் ஆம்புக்கான ட்யூபைப் பெரிய அளவில் செய்கிற இடங்கள் இன்று விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சராத்தோவ் ஊரில் இருக்கிற தொழிற்சாலை, அப்புறம் சீனா. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சால், மல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன் என்று ஐந்து பெட்டிகள் கடையில் ஐந்து விலையில் இருக்கும், ஐந்துமே மைக் மேத்யூஸின் நியூ சென்சார் நிறுவனத்தின் சராத்தோவ் தொழிற்சாலையிலிருந்து வருபவை. உள்ளே வடிவமைப்பு வேறு வேறுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 'மல்லார்ட்' என்று வாசித்ததும் 1960களின் இங்கிலாந்து மல்லார்ட் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பெயரை வாங்கிப் புதிதாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த ஐந்து பெயரும் ஒரே வாரத்தில் கடைகளில் தட்டுப்பாடானது இதனால்தான். பிறகு வர ஆரம்பித்தன, ஆனால் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

6வி6க்கு நான் எடைபோட்டுப் பார்த்தவை நான்கு. ஜேஜே 6வி6எஸ், டங்-சால் 6வி6ஜிடி, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 6வி6, கடைசியாகப் பழைய அமெரிக்க ஆர்சிஏ.

டங்-சாலைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் காதுக்கு மிகவும் பிடித்தது அதுதான். வால்யூம் நான்கைத் தாண்டியதும் ஒலி மெதுவாக உடைய, அதாவது கரகரக்க, ஆரம்பிக்கிறது, நடு ஸ்வரங்கள் தேன் மாதிரி திரண்டு வருகின்றன, விரலை லேசாக வைத்தால் கிளீன், அழுத்தினால் கரகரப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெளி இருக்கிறது, அந்த வெளிக்காகத்தான் நான் இந்த ஆம்பையே வாங்கினேன். சிங்கிள் காயில் பிக்கப்போடு வாசித்தால் இன்னும் அழகு. ஆனால் ராத்திரி 442 வோல்ட்டில் இதை நம்பி ஓட்ட எனக்குத் துணிவில்லை.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், உச்ச ஸ்வரங்கள் முன்னால் வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை, மனசில் நிற்கவும் ஒன்றுமில்லை. விலை குறைவாகக் கிடைத்தால் மாற்று ஜோடியாக வாங்கி வைக்கலாம்.

ஜேஜே 6வி6எஸ் வேறு சாதி. பார்க்கவே தடிமனாக இருக்கும். இதன் டேட்டா ஷீட் பிளேட்டுக்கு 500 வோல்ட் வரை போகலாம் என்கிறது, தகடு தாங்கும் சக்தி 14 வாட். அதாவது என் தெருவின் 442 இதற்குப் பெரிய விஷயமே இல்லை. ஒலியில் கீழ் ஸ்வரங்கள் இறுக்கமாக வருகின்றன, கிளீன் இன்னும் தூரம் போகிறது, குட்டி 6எல்6 (6வி6ஐவிட வலுவான பவர் ட்யூப்) என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடைவது தாமதமாக. ஆம்பை முழுக்கத் திறந்து அதன் சொந்த ஓவர்டிரைவை, அந்தக் கரகரப்பை, தேடுகிறவருக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியலாம். பெடல் வைத்து வாசிக்கிறவருக்கும், சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பின்னால் சுத்தமாகக் கேட்க வேண்டியவருக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

பழைய ஆர்சிஏ கேட்டிருக்கிறேன், நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். நன்றாக இருந்தது, மிக நன்றாகவே. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, இன்று 'புதுசு, பெட்டி பிரிக்காதது' என்று விற்பதில் எது உண்மையிலேயே பெட்டி பிரிக்காதது, எது பழைய ஆம்பிலிருந்து கழற்றித் துடைத்து வைத்தது என்று டெஸ்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ஜோடியாக மேட்ச் ஆனது கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கடல் கடந்து வர வேண்டும், சுங்க வரி கட்ட வேண்டும், வழியில் உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது. பவர் ட்யூப் தேய்கிற பொருள், தேய்கிற பொருளுக்கு இவ்வளவு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

6வி6ஐ விட்டுவிட்டு 6எல்6 மாட்டினால் என்ன என்று எல்லாருக்கும் ஒருமுறை தோன்றும். சாக்கெட்டில் பொருந்தும், சத்தமும் வரும். ஆனால் ஒரு 6வி6 ஹீட்டருக்கு 0.45 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9 இழுக்கும், சரியாக இரண்டு மடங்கு. இரண்டு ட்யூபுக்கும் சேர்த்து 0.9 ஆம்பியர் அதிகச் சுமை பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் தலையில். ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் அதன் விலைக்குப் பல ஜோடி ட்யூப் வாங்கலாம். கிடைக்கிற வாட்டும் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் பவர் சப்ளை அதேதான். வேண்டாம்.

இப்போது ஜோடி விஷயம். இந்த ஆம்பில் இரண்டு 6வி6க்கும் சேர்த்து ஒரே ஒரு பயஸ் திருகுதான் (சும்மா இருக்கும்போது ட்யூப் எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று வைப்பது) இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்க முடியாது. அதனால் இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்கிற ஜோடியாக இருந்தே ஆக வேண்டும். முந்தின தடவை நான் வாங்கிய ஜோடியின் பெட்டியில் 'மேட்ச் செய்தது' என்று ஸ்டிக்கர் இருந்தது. நம்பி மாட்டிவிட்டேன். சிவந்த பிறகு அளந்து பார்த்தால் ஒன்று 19 மில்லியாம்பியர், இன்னொன்று 31. 31ஐ 442 வோல்ட்டால் பெருக்கினால் 13.7 வாட், அதாவது சும்மா இருக்கும்போதே அந்த ட்யூப் அதன் உச்சத்தில் நின்றிருக்கிறது. ஹம் கூடியதற்கும் காரணம் இதுதான்: இரண்டு ட்யூபும் சமமாக இழுத்தால் பவர் சப்ளையின் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், சமம் தவறினால் மிச்சம் ஸ்பீக்கரில் கேட்கும். இப்போது விற்கிறவரிடம் இரண்டு ட்யூபின் கரண்ட் அளவையும் எண்ணில் கேட்டு வாங்குகிறேன். எண் சொல்ல முடியாதவர் மேட்ச் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பயஸ் கணக்கு கடினமில்லை. ட்யூப் தாங்கும் வாட்டில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். ஜேஜேயின் 14 வாட்டுக்கு 9.8. அதைப் பிளேட் வோல்டேஜால் வகுத்தால் கரண்ட்: 415இல் 23.6 மில்லியாம்பியர், 442இல் 22.2. என் மாதிரி வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் ராத்திரி அளவை வைத்துத்தான் பயஸ் வைக்க வேண்டும். மாலையில் 225இல் வைத்துவிட்டுப் போனால் ராத்திரி வோல்டேஜோடு கரண்டும் சேர்ந்து ஏறிவிடும். ஆனால் ஒன்று, அந்தத் திருகு சேசிஸுக்கு, அதாவது சர்க்யூட் இருக்கிற உலோகப் பெட்டிக்கு, உள்ளே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், உயிரை எடுக்கிற அளவுக்கு. அதை வடித்துவிடத் தெரியாதவர் சேசிஸைத் திறக்கவே கூடாது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். ட்யூபுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற பயஸ் புரோப் வாங்கினால் அளப்பதையாவது வெளியிலிருந்தே செய்யலாம். இன்னொன்று, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ட்யூப் ஆம்பை ஓட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பிரீஆம்ப் ட்யூபுக்கு இந்தப் பயஸ் வேலையெல்லாம் கிடையாது. ஆறவிட்டு, நேராகப் பிடித்து உருவி, ஒன்பது பின்னும் வளையாமல் பார்த்துப் புதியதைச் செருகினால் முடிந்தது. இங்கே காதுக்குத் தெரிகிற மாற்றம் வருவது இரண்டாவது இடத்தில் மட்டும், அதாவது ரிவெர்ப் உள்ள வைப்ரேட்டோ சேனலின் முதல் ட்யூப். எல்லாரும் வாசிப்பது அந்தச் சேனலில்தான். முதல் இடத்து ட்யூப் நார்மல் சேனலுக்கு உரியது, அதைப் பயன்படுத்தாதவர் அதையே கையில் இருக்கிற மாற்று ட்யூபாக நினைத்துக்கொள்ளலாம்: இரண்டாவதில் கரகரப்பு சந்தேகம் வந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை.

இரண்டாவது இடத்தில் எதை வைப்பது என்பதற்கு முதலில் உங்களுக்கு எவ்வளவு கெயின், அதாவது பெருக்கம், வேண்டும் என்று தெரிய வேண்டும். 12ஏஎக்ஸ்7இன் பெருக்க எண் 100. அதே சாக்கெட்டில் 5751 மாட்டினால் 70. 12ஏஒய்7 மாட்டினால் 44, 1950களின் ட்வீட் ஃபெண்டர்களில் (ட்வீட் துணி போர்த்திய பழைய ஆம்புகள்) முதல் ட்யூபாக இருந்தது இதுதான். அடுக்குமாடி வீட்டில் வால்யூம் திருகு இரண்டைத் தாண்ட முடியாமல் தவிக்கிறவருக்கு 5751 ஒரு வரம், திருகு இன்னும் கொஞ்சம் தூரம் போகும், கிளீன் மிருதுவாகும். 12ஏஎக்ஸ்7தான் வேண்டும் என்றால் ஜேஜேயின் இசிசி83எஸ் அமைதியானது, மைக்ரோஃபோனிக் தொல்லை குறைவு, ஆனால் உச்சத்தில் கொஞ்சம் மங்கல். டங்-சால் 12ஏஎக்ஸ்7 பளிச். பவரில் ஜேஜே வைத்திருப்பவர் இங்கே டங்-சால் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சோவ்டெக் 12ஏஎக்ஸ்7எல்பிஎஸ் நல்ல ட்யூப்தான், ஆனால் அதன் தகடு நீளமானது, ஸ்பீக்கரும் ட்யூபும் ஒரே பெட்டிக்குள் அதிர்கிற காம்போவில் முதல் கட்டத்தில் அது சீக்கிரம் முனக ஆரம்பிக்கிறது.

12ஏடி7 இரண்டையும் 12ஏஎக்ஸ்7ஆக மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். ஒன்று ரிவெர்ப் ஸ்பிரிங்கை ஓட்டுகிறது, அதற்குக் கரண்ட் வேண்டும், 12ஏஎக்ஸ்7ஆல் அந்த வேலை ஆகாது. இன்னொன்று பவர் ட்யூபுக்கு முந்தின கட்டம், அங்கே ஃபெண்டர் 12ஏடி7 வைத்தது கிளீனுக்காகத்தான். ரிவெர்ப் திருகை இரண்டில் வைத்தாலே கிணற்றுக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்பவர், ரிவெர்ப் இடத்தில் மட்டும் 12ஏயூ7 வைத்துப் பார்க்கலாம். அடங்கும்.

ஒரு சின்ன விலகல். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களில் ரேடியோ வால்வு செய்தது. நாம் வால்வு ரேடியோ என்று சொல்லி வளர்ந்தோமே, அதற்குள் இருந்தவற்றில் நிறைய அவர்களுடையதுதான். அவர்கள் செய்த இசிசி83, 12ஏஎக்ஸ்7இன் ஐரோப்பியப் பெயர் அது, இன்றும் சேகரிப்பாளர்களிடம் கைமாறுகிறது. எனக்கு ஒன்று பழைய ரேடியோ சர்வீஸ் செய்த பெரியவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. மாட்டிக் கேட்டேன், தட்டினால் துளி ரீங்காரம் இல்லை, இதமான ஒலி. இதைத் தேடி அலையச் சொல்லவில்லை, வீட்டுப் பரணில் யாராவது பெரியவரின் டப்பா இருந்தால் பழைய இரும்போடு போடுவதற்கு முன் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ரெக்டிஃபயரில் பெரிய தேர்வு கிடையாது. ஜிஸெட்34 என்றால் ஜிஸெட்34தான். அதற்குப் பதிலாக மாட்டுகிற டையோடு பிளக் போட்டால் வோல்டேஜ் இன்னும் ஏறும், ஏற்கெனவே 442இல் நிற்கிறோம். 5யு4 போட்டால் வோல்டேஜ் இறங்கும், ஆனால் ஹீட்டருக்கு 1.9 ஆம்பியர் கேட்ட இடத்தில் அது 3 கேட்கும். பழையது ஓடுகிற வரை ஓடட்டும். ஆனால் இது போகும்போது ஃபியூஸையும் சேர்த்துக்கொண்டு போகும், அதனால் கையில் ஒரு மாற்று ஜேஜே வைத்திருக்கிறேன், சரியான அளவு ஃபியூஸ் இரண்டும்.

ஆக நான் வாங்கியது மூன்று: பவருக்கு ஜேஜே 6வி6எஸ் ஒரு ஜோடி, இரண்டாவது இடத்துக்கு டங்-சால் 12ஏஎக்ஸ்7 ஒன்று, அந்த மாற்று ஜிஸெட்34. மற்ற எதையும் தொடவில்லை. மெக்கானிக் அண்ணன் ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கே வந்து, 243 வோல்ட்டில் அளந்து, இரண்டு 6வி6ஐயும் 21.5க்கும் 22க்கும் வைத்துக் கொடுத்தார். ஹம் போய்விட்டது.

அப்படியும் டங்-சால் 6வி6 மனசை விட்டுப் போகவில்லை. நண்பரிடமிருந்து ஒரு ஜோடி வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆம்புக்கென்று ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கப்போகிறேன், வோல்டேஜ் 230இல் அசையாமல் நின்றால் பிளேட் 415க்கு இறங்கிவிடும். அப்போது அதை மாட்டி, பத்திரமாக 12 வாட் கணக்கில் 20 மில்லியாம்பியருக்கு வைத்து, வால்யூமை ஐந்துக்குத் திருப்பிக் கேட்க வேண்டும்.